அவரைத் தோலை நான் உரித்த விதம்

பதினெட்டு வருஷமாக நான் வெட்டிய அவரை விதைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு வேளைக் குழம்புக்குக் காணாது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதற்காக விதையைக் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியதாகச் சீவுவதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருக்காரர்களுக்கு இது கடைசிவரை புரியவில்லை. "ரோஸ்லின் அக்கா ஏதோ காய்கறி ஆராய்ச்சியில இருக்காங்க" என்பார்கள். சர்ச்சில் ஒரு அம்மா, கத்தரிக்காயில் புழு வராமல் இருக்க என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். அப்புறம் இத்தனை வருஷமாக அங்கே என்னதான் பிடுங்குகிறாய் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

போன மாதம் ஆய்வுக்கூடத்தில் இருந்து கூப்பிட்டார்கள். போட்டோ கழுவிய பழைய டார்க்ரூமை இடித்துக் கம்ப்யூட்டர் போடப் போகிறார்களாம், அதற்கு முன் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். போனேன். இப்போது இருக்கும் பிள்ளைகள் உயிரோடு இருக்கும் செல்லுக்குள்ளேயே புரதத்தைப் பச்சையாக ஒளிர வைத்து, அது எங்கே போகிறது என்று திரையில் சினிமா மாதிரி பார்க்கிறார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். அதில் ஒரு பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, எல்லாம் கையாலயே பண்ணீங்களே, தப்பே வராதா?"

"வராம இருக்குமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், டீ வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். விதை என்பது செடி தன் குஞ்சுக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாடு. அதில் முக்கியமான சரக்கு புரதம். விதையின் ஒவ்வொரு செல்லும் புரதத்தை ஓரிடத்தில் தயாரித்து, குட்டிப் பொட்டலங்களாகக் கட்டி, உள்ளேயே இருக்கும் சேமிப்புப் பைக்கு அனுப்புகிறது. முளைக்கும் நாள்வரை அது அங்கே பத்திரமாக இருக்கும். செல் தயாரிக்கும் எல்லாமே அந்தப் பைக்குப் போவதில்லை. சிலது வெளியே போகும், சிலது வேறு அறைக்குப் போகும். எது எங்கே போகவேண்டும் என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? எங்கள் ஆய்வுக்கூடம் முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் கட்டிக்கொண்டு அழுதது.

நான் படித்துவிட்டு இங்கே வந்தவள் இல்லை. ஒரு ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம், நோயாளிகளிடமிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்துச் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவருடைய பயம். அதைத் தாங்க முடியாமல்தான் 1991-ல், நாற்பத்திரண்டு வயதில், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் தற்காலிக வேலை என்று தெரிந்தும் இங்கே வந்து சேர்ந்தேன். அவரைக்காய்க்குக் கேன்சர் வந்தால் யாரும் அழமாட்டார்கள் என்று வீட்டுக்காரர் ஜெரால்டிடம் சொன்னேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு வெட்டக் கற்றுக்கொள்ள ஏழெட்டு மாதம் ஆனது. அந்த மாதங்களில் நான் உடைத்த கண்ணாடிக்குக் கணக்கே இல்லை.

கண்ணாடி எதற்கென்றால், அதுதான் கத்தி. தடித்த கண்ணாடிச் சதுரத்தின் மேல் கோடு கிழித்து, அழுத்தி உடைத்தால் ஒரு ஓரம் மட்டும் அப்படிக் கூராக வரும். அதன் பின்னால் ஒரு குட்டித் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்புவோம். பிசினில் பதித்த விதைத் துண்டு மேலும் கீழும் போய் அந்த ஓரத்தில் உரசும்போது, சீவல் தண்ணீர்மேல் மிதந்து வரும். அது எவ்வளவு மெல்லியது என்பதை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பது. ஊதாவாக மிதந்தால் தடிமன், தூக்கிப் போட வேண்டும். பொன்னிறம் பரவாயில்லை. வெள்ளி நிறம் வந்தால் அன்றைக்கு யோகம். பக்கத்தில் யாராவது தும்மினால்கூடப் போச்சு. "வெட்டிக்கொண்டிருக்கிறேன், கதவைத் திறக்காதீர்கள்" என்று தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதிக் கதவில் மாட்டியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு கொரியர்காரர் தபாலைத் தரையில் வைத்துவிட்டு ஓடியே போனார்.

சீவலைச் சல்லடை மாதிரி இருக்கும் ஒரு குட்டி உலோக வில்லையில் எடுத்து, அதன்மேல் ஆன்டிபாடி என்கிற மருந்தை ஊற்றுவோம். அது நாம் தேடும் புரதத்தை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும். அதன் வாலில் தங்கத் துகள் கட்டியிருக்கும். கழுத்தில் போடும் அதே தங்கம்தான். மைக்ராஸ்கோப்பில் அது கரும்புள்ளியாகத் தெரியும். புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே புரதம் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அந்தப் புள்ளி பொய் சொல்லாது என்று நான் நம்பினேன்.

எங்கள் தலைவி டாக்டர் பொன்னம்மா, குடகுக்காரர். மெட்ராஸில் ஹாஸ்டலில் இருந்து படித்ததால் தமிழ் நன்றாகவே வரும், நடுவில் கன்னடம் எட்டிப் பார்க்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றவைக்கும் ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. போட்டோவைக் கொண்டுபோய் நீட்டினால் படத்தைப் பார்க்கமாட்டார். முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பார். எந்தச் செடி, பூ விரிந்து எத்தனையாவது நாள், எந்த மருந்தில் எவ்வளவு நேரம், யார் வெட்டியது, யார் படம் எடுத்தது, எல்லாம் பென்சிலில் இருக்கவேண்டும். ஒன்று விட்டுப் போயிருந்தாலும் படத்தைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் மூன்று நாள் பாடுபட்டு எடுத்த படத்தை, பின்னால் தேதி இல்லை என்று அப்படிக் கொடுத்திருக்கிறார். அன்று பாத்ரூமில் போய் அவரை நன்றாகத் திட்டினேன்.

இன்னொன்று அவர் கேட்கும் கேள்வி. யாராவது "மேடம், அது இப்படித்தான் ஆகுது" என்று ஆரம்பித்தால், கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்பார்: "பாத்தியா, நெனச்சியா?" பி.எச்.டி. முடித்தவர்களே அந்த இடத்தில் தடுமாறிப் போவார்கள்.

முருகேசன் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பி.எச்.டி.க்கு அவன் எடுத்துக்கொண்டது எங்கள் ஊர் அவரை. மற்ற பயறுகளைப் பற்றி உலகத்தில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், அவரையை யாரும் அவ்வளவாகத் தொடவில்லை. டிசம்பர் வந்தால் பெங்களூரே அவரைக்காய் வாசனையில் மிதக்கும்போது, நம் விதையை நாம் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்று மேடமும் சரி சொன்னார். முருகேசன் ஒவ்வொரு பூவிலும் நூல் கட்டித் தேதி எழுதுவான். இருபத்தைந்தாவது நாள் காயைப் பறித்து ஐஸ் பெட்டியில் கொண்டுவருவான். அப்போதுதான் விதை முழு மூச்சில் புரதம் சேர்க்கும் நேரம்.

தொல்லை தோலில் வந்தது. பச்சை அவரை விதையின் தோல் தடிமன். அதை எடுக்காவிட்டால், செல்லை இருந்தபடியே உறைய வைக்கும் மருந்து உள்ளே இறங்காது. பிளேடால் சீவி எடுக்கவேண்டும் என்பதுதான் முறை. வழவழவென்று நழுவும், விரல் கிழியும், பருப்பும் கிழியும். முதல் இரண்டு தடவை செய்தது கந்தல் கந்தலாக வந்தது. புள்ளிகள் என்னவோ சேமிப்புப் பைக்குள்தான் இருந்தன. ஆனால் படம் அசிங்கமாக இருந்ததால் ஒதுக்கி வைத்துவிட்டோம்.

1993 டிசம்பரில் முருகேசன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனான். பறித்த காயை என்னிடம் ஒப்படைத்து, "அக்கா, நீங்க பாத்துக்கோங்க" என்றான். நாற்பது விதை. பிளேடை எடுத்தேன், இரண்டாவது விதையிலேயே கட்டைவிரலில் ரத்தம். எனக்குக் கோபமாக வந்தது. வீட்டில் வருஷா வருஷம் கிலோ கணக்கில் தோல் உரிக்கிறேன், ஒரு நாளாவது பிளேடைத் தொட்டிருக்கிறேனா? இந்த ஊரில் அவரை சமைக்கிற எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால், பருப்பு புளுக்கென்று வெளியே குதிக்கும். அதற்காகத்தான் அதைப் பிதுக்குப் பருப்பு என்பது. விதைகளை ஒரு பீக்கரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் அரை மணி நேரத்தில் நாற்பதும் முத்து முத்தாக வந்துவிட்டது.

நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? "தோல் நீக்கப்பட்டது." நீக்கினேன்தானே? அதில் பொய் எதுவும் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். ஊறவைப்பதை ஒரு வேலையாகவே நான் எண்ணவில்லை. கை கழுவினேன் என்று யாராவது நோட்டில் எழுதுவார்களா?

அந்தச் சீவல்கள் வெள்ளி நிறத்தில் மிதந்து வந்தன. முருகேசன் திரும்பி வந்து மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தவன் பத்து நிமிஷத்தில் கத்தினான்: "அக்கா! வெளியே போயிருக்கு! இங்க பாருங்க, செல்லுக்கு வெளியே போயிருக்கு!"

செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தன. சேமிக்க வேண்டிய புரதத்தில் ஒரு பங்கை அவரை விதை வெளியே அனுப்புகிறது என்று அர்த்தம். இப்படி யாரும் பார்த்ததில்லை. மேடம் உடனே நம்பிவிடவில்லை. ஆன்டிபாடி போடாத சீவலைக் காட்டு என்றார், அதில் ஒரு புள்ளிகூட இல்லை. வேறு செடியில் பார் என்றார். இன்னும் இரண்டு தடவை வேறு செடிகளில் செய்தோம். இரண்டு தடவையும் தோல் உரித்தது நான். எப்படி உரித்திருப்பேன் என்று சொல்ல வேண்டுமா? மூன்று தடவையும் அதே புள்ளிகள், அதே சந்து. மேடம் படத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு முன்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். "ரோஸ்லின், உன் கை தங்கம்தான்" என்றார். அன்று பஸ்ஸில் எனக்குச் சீட் கிடைக்காததுகூடத் தெரியவில்லை.

அடுத்த ஒரு வருஷம் முருகேசன் இதை வைத்துத்தான் எழுதினான். ஜெர்மனியில் இதே வேலை செய்யும் ஒரு பேராசிரியருக்குக் கடிதம் போட்டான். அவர் ஆர்வமாகி விதை கேட்டார், அனுப்பினோம். பி.எச்.டி. முடித்ததும் தன்னிடம் வந்து வேலை செய்யலாம் என்று எழுதினார். கிருஷ்ணகிரியில் அவன் அப்பா, கடிதத்தில் ஒட்டியிருந்த தபால் தலையை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாராம். 1995 ஜனவரியில் கட்டுரை தயார். பத்திரிகைக்கு அனுப்ப உறையில் போட்டு, முகவரி எழுதி, தபால் தலையும் ஒட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை போகவேண்டியது.

அதற்கு முந்தின நாள் ஞாயிறு. சர்ச்சில் இருந்து வந்து நான் உடை மாற்றுவதற்குள் ஜெரால்டு அடுக்களையில் உட்கார்ந்து சாருக்கு, ரசம் மாதிரிக் குழம்பை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம், அவரை விதை பிதுக்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் ராத்திரி ஊறப்போட்டது. பருப்பை எடுத்துக்கொண்டு, ஊறின தண்ணீரைக் கொட்டப் பாத்திரத்தைத் தூக்கினேன். சின்னதாகக் குலுங்கியதும் மேலே நுரை எழும்பியது.

"ஏய் ஏய், கொட்டாதே!" என்றார் ஜெரால்டு. "அவரையோட சத்தெல்லாம் அதுலதான் எறங்கியிருக்கு. சாருக்கே ஊத்து."

நான் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். புரதம் இருக்கிற தண்ணீர்தான் அப்படி நுரைக்கும், ஆய்வுக்கூடத்தில் தினமும் பார்க்கிற நுரை. உள்ளே இருந்தது வெளியே வந்திருக்கிறது. செல் அனுப்பி வரவில்லை. ஊறியதாலும் என் விரல் நசுக்கியதாலும் ஒழுகி வந்திருக்கிறது.

"என்னாச்சு ரோஸி? பல்லி கில்லி விழுந்துச்சா?"

"ஒண்ணுமில்லை" என்றேன். அன்று சாரு நன்றாக இருந்ததாம். நான் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்க இன்டர்வியூ இருந்தது, மேடம்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். அதை நினைத்தும் பயந்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட அதிகமாக உறுத்தியது அந்த உறை. நான்கு வருஷம் ஒரு பிள்ளை ராப்பகலாக உழைத்தது அதற்குள் இருந்தது. தன் பெயரை முதலில் போட்டு அதை உலகத்துக்கு அனுப்பப் போகிறான். என் பீக்கர் தண்ணீரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

திங்கட்கிழமை எட்டரைக்கே போய்விட்டேன். முருகேசன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உறையோடு உட்கார்ந்திருந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவன் முகம் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே வந்தது.

"மூணு தடவையுமாக்கா?"

"மூணு தடவையும்தான்."

"அந்தப் பிளேடு வெச்சுப் பண்ணதுல உள்ளதானே இருந்துச்சு?"

"ஆமா."

அவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?" என்று கேட்டான். அவனைத் தப்புச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஞாயிறு முழுக்க நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். "வாங்க மேடம், போய்ச் சொல்லிடலாம்" என்றான். நான்கு வருஷத்தில் அவன் என்னை மேடம் என்று கூப்பிட்டது அன்றுதான். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

டாக்டர் பொன்னம்மா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரோஸ்லின், ஊறப்போட்டதாலதான் வெளிய வந்துச்சுன்னு சொல்றியே, பாத்தியா, நெனச்சியா?"

"நெனச்சேன் மேடம்."

"சரி, பாத்துட்டு வா. செடி இருக்கா?"

முருகேசன்தான் சொன்னான். வேலை முடிந்துவிட்டது என்று அந்த வருஷம் விதைக்காக ஒரே ஒரு வரிசை போட்டிருந்தான். பழக்க தோஷத்தில் கொஞ்சம் பூவுக்கு நூலும் கட்டியிருந்தான். இருபத்தைந்து நாள் சரியாக இருக்கும் காய் இரண்டு தேறும். அதில் ஆறு விதை இருக்கும். "போதும்" என்றார் மேடம். "ஒரே காய்லேர்ந்து பாதி ஊறட்டும், பாதி ஊறவேணாம். பிளேடால கிழிஞ்சாலும் பரவால்ல, மருந்துக்குள்ள போட்டு அங்கேயே உரி."

உறையை வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு அவனைப் பார்த்து, "ஜெர்மனிக்கு இன்னிக்கே கடிதம் எழுது" என்றார்.

"ரிசல்ட் வரட்டுமே மேடம். ஒருவேளை நாம பாத்தது சரியா இருந்தா?"

"ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த மனுஷன் இதை நம்பிட்டே உக்காந்திருக்கணுமா? ஊறப்போட்டோம், நோட்ல எழுதல, சந்தேகமா இருக்கு, திரும்பப் பண்றோம். நாலு வரி. அவ்ளோதான்."

அவன் அங்கேயே நின்றுகொண்டு எழுதினான். என் பெயரைப் போடவில்லை. 'நாங்கள் ஊறவைத்தோம்' என்று எழுதியிருந்தான். நான் அதைப் படித்துவிட்டு, "என் பேரப் போடு முருகேசா" என்றேன். அவன் தலையை நிமிர்த்தாமலே, "ஆராய்ச்சி என்னுது. கேக்காம விட்டது நான்" என்றான்.

அந்தப் பன்னிரண்டு நாள் இருக்கிறதே, என் விரோதிக்கும் வரக்கூடாது. மருந்தில் வைப்பது, கழுவுவது, ஆல்கஹாலில் நீரை இறக்குவது, பிசின் ஊட்டுவது, அடுப்பில் இறுக வைப்பது, எதையும் அவசரப்படுத்த முடியாது. நடுவில் ஒரு நாள் கரண்ட் போய் அடுப்பு ஆறிவிட்டது. முருகேசன் தேவைக்கு மட்டும் பேசினான், அதுவும் நோட்டைப் பார்த்துக்கொண்டே. ஆறு விதைக்கும் நான் எழுதிய குறிப்பு இரண்டரைப் பக்கம் வந்தது. தண்ணீர் குழாயிலிருந்து பிடித்ததா, காய்ச்சியதா என்பதுவரை எழுதினேன். எந்த வில்லை ஊறியது, எது ஊறாதது என்று அவனுக்குத் தெரியக்கூடாது என்று மேடம் எண் மட்டும் போடச் சொன்னார். எண்ணின் விவரம் என்னிடம் ஒரு சீட்டில் இருந்தது.

வெள்ளிக்கிழமை டார்க்ரூமில் சிவப்பு விளக்கின் கீழ் இருவரும் நின்றோம். தட்டில் காகிதத்தை ஆட்ட ஆட்ட, படம் ஒவ்வொன்றாக மேலே வந்தது. அவன் லென்ஸை வைத்து எண்ணினான்.

"ஒண்ணு, நாலு, அஞ்சு. இந்த மூணுல வெளிய நெறைய இருக்கு. ரெண்டு, மூணு, ஆறு. இதுல வெளிய ஒண்ணுமே இல்ல. எல்லாம் உள்ள."

நான் சீட்டைப் பிரித்து அவன் முன் வைத்தேன். ஒன்று, நான்கு, ஐந்து ஊறியவை. அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். நான்கு வருஷம் போயே போச்சு என்று எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அவன் மறுபடி மூன்றாம் எண் படத்தின்மேல் குனிந்தான். நெடுநேரம் நிமிரவே இல்லை.

"அக்கா" என்றான். "இங்க பாருங்களேன்."

அக்கா என்றானே, அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். புரதம் தயாராகும் இடத்துக்கும் சேமிப்புப் பைக்கும் நடுவில் குட்டிக் குட்டிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் இரண்டு மூன்று கரும்புள்ளிகள். கடைசிப் பொட்டலம் பையின் வாயில் பாதி நுழைந்தபடி நின்றது. ஊறிய விதையில் இதெல்லாம் உப்பி உடைந்து போயிருந்ததால் எங்கள் கண்ணுக்கு வந்ததே இல்லை. அவரை விதை தன் புரதத்தைச் சிந்தாமல் சிதறாமல் உள்ளே எடுத்துப் போகும் வழி அப்படியே தெரிந்தது. உலகம் அதிரும் செய்தி இல்லை, மற்ற பயறுகளில் ஏற்கெனவே பார்த்ததுதான். ஆனாலும் அது நிஜம். அதை வைத்து ஒரு பி.எச்.டி. தாராளமாக எழுதலாம்.

மேடம் ஆறு படங்களையும் வரிசையாகத் திருப்பிப் பின்பக்கம் படித்தார். ஊறவைத்த மூன்றிலும் 'ஊறவைத்துப் பிதுக்கியது: ரோஸ்லின்' என்று இருந்தது. முன்பக்கம் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து உறையை முருகேசனிடம் கொடுத்து, "ஸ்டாம்ப்பைத் தண்ணில போட்டு எடுத்துக்கோ. நல்ல ஸ்டாம்ப்பு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஸ்டாம்ப்பை ஊறவெக்கலாம்மா, தப்பில்ல" என்றார். அந்த அம்மாள் ஜோக் அடித்து நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். திங்கட்கிழமை ஜெர்மனியில் இருந்து கடிதம் வந்தது. முருகேசன் படிக்கட்டிலேயே பிரித்தான். படித்தவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். என் கையில் கொடுத்தான். எங்கள் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே எழுதியது என்று தேதியைப் பார்த்ததும் தெரிந்தது. நாங்கள் அனுப்பிய விதையை அவர்கள் வளர்த்து, மூன்று தடவை சீவிப் பார்த்திருக்கிறார்கள். செல்லுக்கு வெளியே எதுவும் இல்லை. 'நீங்கள் எழுதியதை எங்களால் பார்க்க முடியவில்லை. இதற்கு விளக்கம் கிடைக்கும்வரை இங்கே உங்களுக்கு வேலை என்பதை நான் உறுதி செய்ய முடியாது.' மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

மேடம் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "ரிசல்ட் வரட்டும்னு உக்காந்திருந்தா, இது வந்த அப்புறம்தான் நம்ம கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார். "அப்போ உண்மையச் சொன்னாலும் அவருக்கு அது சாக்காத்தான் தெரிஞ்சிருக்கும்."

இனி அவருடைய பதிலுக்குக் காத்திருப்பதுதான் வேலை. நடுவில் என் இன்டர்வியூ நடந்தது. வேலையில் எதையாவது கெடுத்திருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். அவரைக்காய்க் கதையைச் சொன்னேன். மேடம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தது, ஆனால் அந்த உத்தரவு கையில் வந்தபோதுகூட எனக்கு மனசு நிம்மதியாக இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், நான் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மொழியிலும் எழுதி மாட்டியிருந்த அட்டையை மதிக்காமல் முருகேசன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். மிதந்துகொண்டிருந்த சீவல்கள் எல்லாம் காற்றில் ஒரு மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டன. எப்போதும் நான் போடுகிற கூச்சலை அன்று போடவில்லை. அவன் கையில் ஒரே ஒரு தாள் இருந்தது.

"என்னடா எழுதியிருக்கார்?"

அவன் இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொன்னான்: "'நான் என் கடிதத்தப் போட்ட மறுநாள் உன் கடிதம் வந்துச்சு. கேக்கறதுக்கு இனி என்கிட்ட ஒண்ணும் இல்ல. எப்ப வர்றே?' அவ்ளோதான்க்கா எழுதியிருக்கார்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னான். தாளை வாங்கி அந்தக் கடைசி வரியை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிறகு கத்தியைக் கழற்றி வைத்து, தொட்டித் தண்ணீரைக் கொட்டி, விளக்கை அணைத்தேன். அன்று மேற்கொண்டு எதையும் வெட்டவில்லை. மூன்று மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போய்ப் படுத்தவள், மறுநாள் காலையில் ஜெரால்டு வந்து உலுக்கும்வரை தூங்கினேன்.